பின்னால் வருபவர்

2021-ஆம் ஆண்டு ஃபோர்டு நிறுவனம், வட அமெரிக்காவில் தான் விற்ற சுமார் 6,61,000 எக்ஸ்ப்ளோரர் வண்டிகளை ரீகால் செய்தது. என்ஜினில் கோளாறா? இல்லை. பிரேக்? இல்லை. ஏர்பேக்? அதுவும் இல்லை. கூரையின் இரண்டு ஓரங்களிலும் தண்டவாளம் மாதிரி நீளமாக ஓடுமே, ரூஃப் ரெயில், அதன் மேல் மாட்டிய ஒரு பிளாஸ்டிக் மூடிதான் பிரச்சினை. அது தன் பிடிப்பிலிருந்து தளர்ந்து, வண்டி ஓடும்போதே பிய்த்துக்கொண்டு பறக்கலாம். 2016 முதல் 2019 வரையிலான மாடல்கள். வண்டியை டீலரிடம் கொண்டுபோனால் மூடியில் புஷ்-பின்களைக் குத்தி இறுக்குவார்கள், உடைந்த கிளிப் இருந்தால் மாற்றித் தருவார்கள், காசு வாங்க மாட்டார்கள். இதனால் விபத்தோ காயமோ நடந்ததாகத் தனக்குத் தகவல் இல்லை என்றும் ஃபோர்டு சொன்னது.

ஆறு லட்சத்துச் சொச்சம் வண்டிகள், அத்தனைக்கும் கடிதங்கள். ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக, அதுவும் யாருக்கும் அடிபடாதபோது!

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் உலகத்தில் இப்படியொரு டிக்கெட் வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "தோற்றம் சார்ந்த குறை, முன்னுரிமை குறைவு" என்று முத்திரை குத்தி பேக்லாகில் போட்டுவிடுவோம். அடுத்த காலாண்டில் பார்க்கலாம், அதற்கடுத்த காலாண்டில் பார்க்கலாம் என்று தள்ளி, கடைசியில் அந்த டிக்கெட்டை எழுதியவரே வேலையை விட்டுப் போயிருப்பார். அதனால்தான் இந்த ரீகால் என்னை உறுத்தியது. கார் கம்பெனிக்காரர்கள் நம்மைவிட நல்லவர்களா என்ன? இல்லை. அவர்களை இப்படி நடக்கவைத்த ஏதோ ஒன்று இருக்க வேண்டும்.

அந்த மூடி கழன்றால் யாருக்கு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். வண்டிக்காரருக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. தலைக்கு மேலே 'டப்'பென்று ஒரு சத்தம் கேட்கும். ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு போய்விடுவார். ஆபத்து பின்னால் வருபவருக்கு. நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் பின்தொடரும் காரின் கண்ணாடிக்கு, அல்லது மோட்டார் சைக்கிளில் வருபவரின் நெஞ்சுக்கு. அவர் ஃபோர்டிடம் எதையும் வாங்கவில்லை. அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. ரீகால் கடிதமும் அவருக்குப் போகாது. ஆனால் அத்தனை புஷ்-பின்களும் பெரும்பாலும் அவருக்காகத்தான்.

யாரென்றே தெரியாத அந்த ஆளுக்காக ஒரு கம்பெனி செலவு செய்தே ஆக வேண்டும் என்ற நிலை எப்போது வந்தது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் குதிரை வண்டிக் காலத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

*

1842, இங்கிலாந்து. வின்டர்பாட்டம் என்பவர் தபால் கோச் ஓட்டுபவர். ஒரு நாள் வண்டியில் ஏற்கெனவே இருந்த பழுதால் அது குலைய, தூக்கி எறியப்பட்டு வாழ்நாள் முழுக்க நொண்டியானார். வண்டியைக் கொடுத்ததும், அதைப் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டியதும் ரைட் என்பவரின் பொறுப்பு. வின்டர்பாட்டம் அவர்மேல் வழக்குப் போட்டார். தோற்றார்.

காரணம் எளிமையானது. ரைட் ஒப்பந்தம் போட்டது தபால் துறைத் தலைவரோடு. ஓட்டுநரை வேலைக்கு வைத்தது இன்னொரு ஒப்பந்தக்காரர். ரைட்டுக்கும் வின்டர்பாட்டத்துக்கும் இடையே ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. காகிதம் இல்லையென்றால் கடமையும் இல்லை.

தீர்ப்பில் நீதிபதி லார்டு அபிங்கர் ஒரு அச்சத்தைப் பதிவு செய்தார். இந்த ஓட்டுநர் வழக்குப் போடலாம் என்று விட்டால், நாளைக்கு வண்டியில் போன ஒவ்வொரு பயணியும் போடுவார். ஏன், வண்டி கவிழ்ந்ததில் அடிபட்ட, தெருவில் சும்மா நடந்துபோன ஆள்கூடப் போடுவார். இதற்கு எல்லையே இருக்காது, அபத்தமாகிவிடும் என்பது அவர் வாதம்.

தெருவில் போகிற ஆள். நம்முடைய 'பின்னால் வருபவர்' சட்டத்தின் கண்ணில் முதலில் பட்டது இப்படித்தான், ஒரு அபத்தத்துக்கு உதாரணமாக.

தேருக்கு அச்சாணி எவ்வளவு முக்கியம் என்று நம் வள்ளுவருக்கே தெரியும். அச்சாணி கழன்றால் தேர் யார் மேல் சாயும், சாய்ந்தால் தச்சன் பதில் சொல்ல வேண்டுமா என்பது வேறு கேள்வி. அபிங்கரின் பதில், வேண்டாம் என்பது. அந்தப் பதில் அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய் அமெரிக்க நீதிமன்றங்களிலும் எழுபது வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது.

*

அதை உடைத்தது ஒரு மரச்சக்கரம்.

நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த டொனால்ட் மக்ஃபர்சன் ஒரு ப்யூக் கார் வைத்திருந்தார். 1910-இல் அதை ஓட்டிக்கொண்டு போகையில் ஒரு சக்கரத்தின் மர ஆரங்கள் நொறுங்கின. கார் குலைந்து, அவர் வெளியே வீசப்பட்டுக் காயமடைந்தார். சக்கரத்தில் போட்ட மரம் மட்டமானது. ஆனால் அந்தச் சக்கரத்தை ப்யூக் செய்யவில்லை, வேறொரு கம்பெனியிடம் வாங்கி மாட்டியிருந்தது. மக்ஃபர்சனும் காரை ப்யூக்கிடம் வாங்கவில்லை, ஒரு டீலரிடம் வாங்கியிருந்தார். அப்புறமென்ன, ப்யூக் இரண்டு பக்கமும் கை காட்டியது. சக்கரம் அவன் செய்தது, கார் இவன் விற்றது, நடுவில் எங்களை ஏன் இழுக்கிறீர்கள்?

1916 மார்ச்சில் நியூயார்க்கின் உச்ச மன்றத்தில் தீர்ப்பு எழுதியவர் பெஞ்சமின் கார்டோசோ. அவருடைய தர்க்கம் எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அதில் லேசான நக்கல் இருக்கிறது. கம்பெனியின் கடமை தன்னிடம் காரை வாங்கிய டீலரோடு முடிந்துவிடும் என்கிறீர்கள். ஆனால் அந்தக் காரை ஓட்டிப் பயன்படுத்தப் போவதில்லை என்று ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த டீலர்தானே? சட்டம் அவனை மட்டும் காப்பாற்றினால் அது என்ன சட்டம்? கவனமில்லாமல் செய்தால் உயிருக்கு ஆபத்து வரும் பொருள், வாங்கியவரைத் தவிர வேறு பலர் கைக்குப் போகும் என்று தெரிந்தே செய்யும் பொருள் என்றால், செய்தவருக்குக் கடமை உண்டு. பாகத்தை வேறு யாரோ செய்தார்கள் என்பது சாக்கு ஆகாது. சோதித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இதோடு ஒப்பந்தச் சுவரில் பெரிய ஓட்டை விழுந்தது. ஆனாலும் இது அடிபட்ட பிறகு கிடைக்கும் நியாயம்தான். முதலில் சக்கரம் உடைய வேண்டும், எலும்பு முறிய வேண்டும், பிறகு வக்கீலைப் பிடிக்க வேண்டும். உடைவதற்கு முன்பே கம்பெனியைத் தட்டிக் கேட்க வழி கிடையாது.

*

இந்த இடத்தில் கொஞ்சம் போல்ட்டைப் பற்றிப் பேச வேண்டும். நான் பொறியியல் படித்தவன் என்பதற்கு வேறு எங்கே சான்று காட்டுவது?

போல்ட் என்பது ஏதோ ஆணி மாதிரி இரண்டு தகடுகளைக் குத்தி நிறுத்துகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஒரு ஸ்பிரிங். முறுக்கும்போது மயிரிழை அளவு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கும் அந்த இழுவிசைதான் தகடுகளை அமுக்கிப் பிடிக்கிறது. மரையில் இருக்கும் உராய்வு, அது தானாகத் திரும்பி அவிழாமல் தடுக்கிறது. 1969-இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் ஒரு விஷயத்தைச் சோதித்துக் காட்டினார். போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, குறுக்குவாக்கில் வரும் அதிர்வு மிக மோசமானது. தகடுகள் பக்கவாட்டில் துளித்துளியாக வழுக்கும் ஒவ்வொரு முறையும் மரையின் பிடி ஒரு கணம் விட்டுப்போகிறது. மரை ஒரு சரிவு அல்லவா, அந்தக் கணத்தில் போல்ட் அதில் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. யாரும் ஸ்பேனரைத் தொடாமலேயே அது அவிழ்ந்துகொள்ளும்.

பிளாஸ்டிக் கிளிப்புக்கு மரைகூடக் கிடையாது, வளைந்து நிமிரும் தன் உடம்பை நம்பித்தான் நிற்கிறது. கூரையிலோ வெயில், பனி, காற்று எல்லாமே நேரடி. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஐம்பதில் போகும்போது இருப்பதைப் போல நான்கு மடங்கு, நூறில். கடையில் நிற்கும்போது கல்லு மாதிரி உறுதியாக இருந்த மூடி, மூன்று வருடம் கழித்து ஒரு மலைச்சாலையில் காதலன் கையை உதறுவது மாதிரி உதறிவிட்டுப் போகும்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், தளர்வு திடீரென்று நடப்பதில்லை. அது மெதுவாக, எல்லா வண்டிகளிலும், ஒரே மாதிரி நடக்கிறது. தனியொரு வண்டிக்காரர் அதைப் பார்த்தால் 'என் கெட்ட நேரம்' என்பார். ஆயிரம் வண்டிகளின் கணக்கைப் பார்க்கிறவருக்குத்தான் அது வடிவமைப்புக் குறை என்று தெரியும். அந்தக் கணக்கு கம்பெனியிடம்தான் இருக்கிறது.

*

1966-க்கு முன்பு அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு அமெரிக்கக் கம்பெனிகள் என்ன செய்தன? பல நேரம் டீலர்களுக்கு மட்டும் ஒரு சுற்றறிக்கை போகும். வண்டி சர்வீசுக்கு வந்தால் சத்தமில்லாமல் மாற்றிவிடு. வராவிட்டால் வண்டிக்காரருக்கு விஷயமே தெரியாது. நாங்கள் சொல்லாமல் கொள்ளாமல் பேட்ச் விடுவோமே, அதேதான்.

1965 இறுதியில் ரால்ஃப் நாடர் என்ற இளம் வழக்கறிஞர் கார்களின் பாதுகாப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஜெனரல் மோட்டார்ஸ் அதற்குப் பதில் எழுதியிருக்கலாம். அதற்குப் பதிலாகத் துப்பறிவாளர்களை வைத்து நாடரின் சொந்த வாழ்க்கையைத் தோண்டியது. விஷயம் வெளியே வந்ததும், 1966 மார்ச்சில் கம்பெனியின் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் துணைக்குழு முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு அமெரிக்கச் சாலைகளில் இறந்தவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல். செப்டம்பர் 9 அன்று வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். குறை தெரிந்தால் உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் சொல்லியாக வேண்டும் என்பது சட்டமானது. ஆனால் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும் என்ற கட்டாயம் 1974 திருத்தத்தில்தான் வந்தது. நடுவில் எட்டு வருடம், "உங்கள் காரில் ஆபத்து இருக்கிறது, இப்படிக்கு உங்கள் அன்புள்ள கம்பெனி" என்பதோடு கடமையை முடித்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருந்தது.

1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 67 லட்சம் ஷெவர்லே வண்டிகளை அழைத்தது. என்ஜினைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் மவுண்ட்டில் ரப்பரும் இரும்பும் பிரிந்துவிட, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் என்ஜினே ஒரு பக்கம் எழும்பி, த்ராட்டிலையும் சேர்த்து இழுத்துத் திறந்துவிடும். கார் தானாகப் பாயும். தீர்வாக மவுண்ட்டை மாற்றிக் கொடுத்தார்களா என்றால் இல்லை. என்ஜின் எழும்பாமல் ஒரு கம்பி வடத்தால் கட்டிவிட்டார்கள். முளைக்குச்சி ஆடுகிறது என்று மாட்டின் காலைக் கட்டுகிற வைத்தியம். ஆனால் வேலை செய்தது. மென்பொருள்காரர்கள் யாரும் இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது, எங்கள் பிழைப்பில் பாதி அந்த மாதிரி வடங்கள்தான்.

*

சட்டம் வந்துவிட்டது. 'குறை' என்றால் என்ன, 'ஆபத்து' என்றால் எவ்வளவு என்ற சண்டை அடுத்துத் தொடங்கியது. அதைத் தீர்த்தவை இரண்டு வழக்குகள். இரண்டிலும் எதிர்வாதி ஜெனரல் மோட்டார்ஸ்தான்.

முதலாவது சக்கர வழக்கு. 1960 முதல் 1965 வரை வந்த முக்கால் டன் டிரக்குகளின் சக்கரங்கள் உடைந்தன. மக்கள் அவற்றின் மேல் கேம்பர் கூண்டுகளை ஏற்றி அளவுக்கு மீறிப் பாரம் வைக்கிறார்கள், தப்பு அவர்களுடையது என்றது கம்பெனி. 1975-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை அப்படியே ஏற்கவில்லை. குறிப்பிடத்தக்க எண்ணிக்கையில் பாகங்கள் பழுதானாலே குறை என்று எடுத்துக்கொள்ளலாம், ஏன் உடைந்தது என்ற பொறியியல் காரணத்தை அரசு நிரூபிக்கத் தேவையில்லை என்றது. வாங்கியவர் கொஞ்சம் அதிகப் பாரம் ஏற்றுவார் என்பது முன்கூட்டியே ஊகிக்கக்கூடியதுதான், அதையும் கணக்கில் வைத்தே வண்டியைச் செய்ய வேண்டும் என்றது. 'மேனுவலில் போட்டிருந்தோமே' என்று பயனர்மேல் பழிபோடும் பழக்கம் உள்ள எந்தத் துறையும் படிக்க வேண்டிய தீர்ப்பு.

இரண்டாவது, 1977-இல் வந்த பிட்மேன் ஆர்ம் வழக்கு. 1959, 1960 காடிலாக் கார்களில் ஸ்டியரிங்கைச் சக்கரங்களோடு இணைக்கும் அந்தக் கை உடைந்துவிடும். ஸ்டியரிங் சும்மா சுற்றும். மற்ற ஆண்டு மாடல்களோடு ஒப்பிட்டால் இந்த மாடல்களுக்கு அந்த உதிரிபாகம் பல மடங்கு விற்றிருந்தது. கம்பெனியின் சொந்த விற்பனைக் கணக்கே சாட்சி சொன்னது. ஆனால் உடைவதெல்லாம் பெரும்பாலும் பார்க்கிங்கில், மெதுவாகத் திருப்பும்போதுதான், பெரிய காயம் எதுவும் இல்லையே என்றார்கள் வக்கீல்கள். நீதிமன்றத்தின் பதில் சுருக்கமானது: ஸ்டியரிங் கையை விட்டுப்போவது ஆபத்து என்று தெரிந்துகொள்ள இறந்தவர்களின் பட்டியல் தேவையில்லை, பொது அறிவு போதும். சட்டத்தின் நோக்கம் விபத்துக்குப் பின் கணக்கெடுப்பது அல்ல, முன்பே தடுப்பது.

எக்ஸ்ப்ளோரரின் கூரை மூடிக்கு யாரும் அடிபடாமலேயே ரீகால் வந்ததற்கு வேர் இங்கே இருக்கிறது. கார்டோசோ தந்தது அடிபட்டவருக்கு நியாயம். இது இன்னும் அடிபடாதவருக்கான நியாயம்.

*

எக்ஸ்ப்ளோரர் என்ற பெயருக்கு இந்த வரலாற்றில் இன்னொரு கறுத்த பக்கமும் உண்டு. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்ப அழைத்தது. ஓடும்போதே மேல்பட்டை உரிந்து, வண்டிகள் உருண்டன. அவற்றில் பெரும்பாலானவை எக்ஸ்ப்ளோரர். அமெரிக்காவில் மட்டும் 271 பேர் இறந்ததாக அரசின் கணக்கு சொன்னது. இதில் நெஞ்சை அறுக்கும் தகவல், முந்தைய ஆண்டே ஃபோர்டு சவுதி அரேபியா போன்ற நாடுகளில் இந்த டயர்களை மாற்றித் தர ஆரம்பித்திருந்தது. அமெரிக்க அதிகாரிகளுக்குச் சொல்லவில்லை. சொல்லியாக வேண்டும் என்ற சட்டம் அப்போது இல்லை. அந்த ஆண்டு நவம்பரில் வந்த டிரெட் சட்டம் அந்த ஓட்டையை அடைத்தது. வெளிநாட்டில் செய்யும் ரீகாலையும், வரும் புகார்களின் கணக்கையும் அரசுக்குக் கொடுத்தாக வேண்டும். சவுதியில் பழுதாகும் டயர், டெக்சாஸில் இருப்பவரின் உயிரோடு சம்பந்தப்பட்டது என்று எழுத்தில் ஏறியது.

இதற்கப்புறம் எங்கள் துறை காருக்குள் வந்தது. 2023 டிசம்பரில் டெஸ்லா இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை ஆட்டோபைலட் தொடர்பாக ரீகால் செய்தபோது, எந்தக் காரும் எங்கும் போகவில்லை, இரவோடு இரவாக அப்டேட் இறங்கியது. இதைப் போய் ரீகால் என்பதே காலாவதியான பேச்சு என்று எலான் மஸ்க் ஏற்கெனவே சொல்லி வந்தார். ஆனால் அதே டெஸ்லா, 2020-இல் கூரைப் பட்டைகள் ஒட்டாமல் பிரியலாம் என்று 9,136 மாடல் எக்ஸ் கார்களையும், 2025 மார்ச்சில் கூரையை ஒட்டிய ஸ்டீல் பட்டை பசை விட்டுக் கழன்று விழலாம் என்று 46,096 சைபர்டிரக்குகளையும் அழைக்க வேண்டியிருந்தது. பசையை டவுன்லோட் செய்ய முடியாது. வண்டி போயே ஆக வேண்டும், யாரோ ஒரு மெக்கானிக் ஏணி போட்டு ஏறியே ஆக வேண்டும்.

*

இந்தியாவுக்கு இது தாமதமாக வந்தது. 2012 முதல் வாகன உற்பத்தியாளர் சங்கத்தின் ஏற்பாட்டில் ரீகால் இருந்தது, ஆனால் கம்பெனியின் விருப்பம்தான். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, ரீகால் செய்யச் சொல்லும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. 2021 ஏப்ரல் முதல் விதிகள் அமலுக்கு வந்தன. அந்தப் பிரிவை எடுத்து வாசித்தால், குறையால் யாருக்குத் தீங்கு வரலாம் என்று ஒரு பட்டியல் வரும்: சுற்றுச்சூழலுக்கு, ஓட்டுநருக்கு, உள்ளே இருப்பவர்களுக்கு, அல்லது சாலையைப் பயன்படுத்தும் மற்றவர்களுக்கு.

மற்றவர்களுக்கு. லார்டு அபிங்கர் அபத்தம் என்று ஒதுக்கிய, தெருவில் போகிற அந்த ஆள், 177 வருடம் கழித்து நம்முடைய சட்டப் புத்தகத்தில் சம உரிமையோடு உட்கார்ந்திருக்கிறார்.

ஆனால் அவர் இன்னும் முழுதாகத் தப்பிக்கவில்லை. ரீகால் என்பது முகவரிப் பட்டியலை நம்பி ஓடும் இயந்திரம். முதல் உரிமையாளர் வண்டியை விற்றிருப்பார், வாங்கியவர் வீடு மாறியிருப்பார். அமெரிக்காவில் 2015-இல் வந்த சட்டம், ரீகால் வேலை முடியாத காரை வாடகை நிறுவனங்கள் வாடகைக்கு விடக்கூடாது என்கிறது. பழைய கார் வியாபாரி அதையே விற்பதற்கு மத்தியச் சட்டத்தில் தடை இல்லை. இங்கே இன்னொரு சிக்கல். நம் ஊரில் டாக்ஸி, வேன்களின் மேல் இருக்கும் கேரியர்களில் நிறைய, வண்டியோடு வந்தவை அல்ல, பட்டறையில் வெல்டிங் வைத்து மாட்டியவை. அவற்றுக்கு மாடல் நம்பர் இல்லை, வாங்கியவர் பட்டியல் இல்லை. போல்ட் தளர்ந்தால் கடிதம் போட ஆளே இல்லை.

கடிதம் வந்தாலும்தான் என்ன? ரீகாலின் கடைசிக் கண்ணி எப்போதும் ஒரு தனி மனிதர். அரை நாள் லீவு போட்டு, டீலரிடம் காத்திருந்து, தனக்கு எந்தத் தொந்தரவும் தராத ஒரு பிளாஸ்டிக் மூடியைச் சரிசெய்துகொண்டு வர வேண்டியவர். நூற்றெழுபது வருடச் சண்டையில் நீதிபதிகளும் சட்டமன்றங்களும் கம்பெனியின் கையை முறுக்கிப் பின்னால் வருபவருக்கான கடமையை வாங்கித் தந்தார்கள். அந்தக் கடமை இப்போது ஒரு கடித உறையில், வண்டி உரிமையாளரின் வீட்டு மேசையில், மின்சார பில்லுக்கு அடியில் கிடக்கிறது. அதைப் பிரிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. பின்னால் வருபவரோ ரியர்-வியூ கண்ணாடியில் ஒரு ஹெட்லைட் புள்ளியாகத் தெரிந்துகொண்டே வருகிறார்.